அளந்து பார்க்காத பன்னிரண்டு நாட்கள்

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எங்கள் மேலப்பாளையத்தில் யாரும் நம்புவதில்லை. வாப்பா தறிப் பட்டறையை விட்டு வரும்போது அவருக்கு அறுபத்து நான்கு. என் விஷயத்தில் வலது மணிக்கட்டு முந்திக்கொண்டது. ஏழு வருஷமாக, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத நாய்களைத் தூக்கி, திருப்பி, வயிற்றை அமுக்கியதில், உள்ளே ஓடும் நரம்பு ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எதை அமுக்குவீர்கள் என்று இன்னொரு தடவை கேட்டார்.

நாய்களின் மூத்திரப்பையை. படித்தது விலங்கியல், பார்த்த வேலை இது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்து அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் எங்கள் டாக்டர். இன்னொருவர் கடற்கரையில் கருவாடு போடும் ஒரு பெண். அவரைப் பற்றி எழுதாமல் என் வேலையைப் பற்றி எழுத முடியாது.

எழுதத் தூண்டியது ஒரு குரல் செய்தி. ஆஸ்பத்திரியில் என் இடத்துக்குப் புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். இப்போது நாய்களுக்குச் சக்கர வண்டி பெட்டியில் வந்து இறங்குகிறது, திருகைத் திருப்பினால் நீளம் கூடுகிறது, குறைகிறது. நாய்களுக்கென்றே டயபர் கடையில் தொங்குகிறது. அதில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, டயபர் நனையுதுன்னா அது தானா போவுதுன்னுதான அர்த்தம்? அப்புறம் எதுக்கு அமுக்கணும்?"

பஸ்ஸில் இருந்தேன். அப்படியே இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துவிடலாமா என்று தோன்றியது. அதே கேள்வியைத்தான் ஒரு காலத்தில் நான் கேட்டேன். கேட்கக்கூட இல்லை, நானே பதில் எழுதிவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் தனியார் கால்நடை ஆஸ்பத்திரி அது. முன்பக்கம் எல்லா இடத்தையும் போலத்தான்: தடுப்பூசி, உண்ணி, காதுச்சீழ். பின்கட்டில் ஒரு நீளமான அறை. அங்கே நடக்க முடியாத நாய்கள். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் லாரி தட்டியவை, ராதாபுரத்தில் பனையேறி வெட்டிப்போட்ட பாளைக்கட்டு முதுகில் விழுந்த ஒன்று, திசையன்விளையில் மாடியிலிருந்து குதித்த ஒன்று. மற்ற இடங்களில் "ஊசி போட்டு முடிச்சிருங்க" என்று சொல்லி அனுப்பினால் கடைசியாக இங்கே வருவார்கள்.

டாக்டருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். ஊரே அவரை அண்ணாச்சி என்றது, அதனால் நாங்களும் டாக்டர் அண்ணாச்சி என்போம். அவரிடம் ஒரு பழக்கம். வீட்டுக்காரர்களிடம் நேராகப் பேசமாட்டார், நாயிடம்தான் பேசுவார். ஒருவர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்றால் நாயின் தாடையைப் பிடித்து, "ஏலே, உங்க வீட்டு அண்ணாச்சிக்கு உன்னைவிட மறதி அதிகம் போல. நீயாவது காலையில மாத்திரையைக் கேட்டு வாங்கித் தின்னக்கூடாதா?" என்பார். கேட்கிறவருக்கு உறைக்கும், ஆனால் கோபித்துக்கொள்ள முடியாது. நாயிடம்தானே சொன்னார். எங்களையும் அப்படித்தான் திட்டுவார், அபூர்வமாகப் பாராட்டினாலும் அப்படித்தான்.

நான் சேர்ந்த கதையும் அவருடைய இந்தப் பழக்கத்தோடு பின்னிக்கொண்டதுதான். நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால், என்பது எங்கள் வீட்டு வழக்கம். கையுறை போட்டுக்கொள்கிறேன் என்று உம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். "உறைக்குள்ள போனா மட்டும் நாய் ஆடாயிருமா?" என்றாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: ஆஸ்பத்திரியிலேயே குளித்து, உடை மாற்றி, மண் தண்ணீரில் கை கழுவித்தான் வீட்டுப்படி ஏற வேண்டும். இதை எப்படி டாக்டரிடம் சொல்வது என்று முதல் நாள் முழுக்க விழித்தேன். இரண்டாம் நாள் சாயந்திரம் மெல்லச் சொன்னேன். மூன்றாம் நாள் பின்கட்டுக் குழாயடியில் ஒரு புது மண்சட்டி, அதில் சலித்த செம்மண். மேசைமேல் கட்டுப்போட்டுக் கிடந்த லாப்ரடாரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "அந்தச் சட்டியைக் கவுத்திராத. அது நம்ம ஷமீமா லாத்தாவுக்கு." ஷமீமா நான்தான், லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா.

ஏழு வருஷத்தில் அந்தச் சட்டி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

முதல் மூன்று வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் குழாயை அறுத்து நாய் வண்டி செய்யக் கற்றேன். படுத்தே கிடக்கும் நாயைக் காலையும் மத்தியானமும் சாயந்திரமும் புரட்டிப் போடுவது, இடுப்பெலும்பு குத்தும் இடத்தில் முடி கொட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, சதை வற்றிய காலைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி சுற்றுவது எல்லாம் கைக்கு வந்தன. நாங்குநேரி டீக்கடைக்காரர் ஒருவர் வண்டியில் நாய் ஓடுவதைப் பார்த்த சந்தோஷத்தில் நாள் பூராவும் கழற்றாமல் விட்டு, மார்பெல்லாம் புண்ணாக்கிக் கொண்டு வந்தார். டாக்டர் அந்த நாயிடம், "வண்டிங்கறது செருப்பு மாதிரிடா. வீட்டுக்குள்ள வந்தா கழட்டணும்னு உங்க முதலாளிக்குச் சொல்லு" என்றார். அதற்குப்பின் நான் எல்லா வீட்டுக்கும் இதே வாக்கியத்தைச் சொன்னேன். யாரும் மறந்ததில்லை.

ஆனால் வேலையின் உயிர்நாடி மூத்திரப்பை. இடுப்பு முறிந்த நாயைக் கொல்வது கால் இல்லை. தன்னால் அடக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் போகும் அந்தப் பைதான். அதை ஒரு நாளைக்கு மூன்று தடவை வெளியிலிருந்து யாராவது காலி செய்ய வேண்டும். அதற்கு டாக்டர் தந்த பயிற்சி கொஞ்சம் விசித்திரம். ஒரு பலூனில் தண்ணீர் பிடித்து, ஈரத்துண்டில் சுருட்டி, தலையணை உறைக்குள் திணித்துத் தருவார். கண்ணை மூடிக்கொண்டு பலூன் எங்கே இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல வேண்டும். ஒரு மாசம் நாயைத் தொட விடவில்லை. அவர் செய்யும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்கிறவர் மாதிரி நிற்பார். இரண்டு உள்ளங்கையும் நாயின் வயிற்றில் பின்னங்காலுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக. விரல் நுனி வேலை செய்யாது, கை முழுதும்தான். பையைக் கண்டுபிடித்ததும் வால் பக்கமாகப் பைய, மெதுவாக, அழுத்தம், அப்படியே நிறுத்திப் பிடிப்பது. தாரை வரும். நின்றால் மறுபடி தேட வேண்டும். காலியான பை கைக்குள் காற்றுப்போன பலூன் தோல் மாதிரி வழுக்கும். அதுவரை விடக்கூடாது.

நான் சீக்கிரம் கற்றேன். ரொம்பச் சீக்கிரம். நாலாவது வருஷம் ராதாபுரம் பக்கத்து வீடுகளை நானே போய்ப் பார்த்து, கோப்பில் எழுதுகிற அளவுக்கு டாக்டர் விட்டார். அப்போதுதான் சுறா வந்தது.

சுறா ஒரு நாட்டுநாய், மணல் நிறம், மூன்று வயசு. ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மீனுக்கு ஐஸ் ஏற்ற வந்த லோடு ஆட்டோ பின்னால் எடுத்ததில் முதுகெலும்பு போய்விட்டது. தூக்கிக்கொண்டு வந்தது ஜெசிந்தா அக்கா. முப்பத்தைந்து வயசிருக்கும், கருவாடு போட்டு வியாபாரிகளுக்குக் கொடுக்கிறவர். அவர் கணவர் சவரிமுத்து கொல்லம் பக்கத்தில் ஒரு விசைப்படகில் வேலை, இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவைதான் வீடு. கொல்லம் போவதற்கு முன் உள்ளூர்ப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்த நாயை அவர்தான் குட்டியாகப் படகில் போட்டு வளர்த்தார். கரையேறும்போது முதலில் குதிப்பது அது.

டாக்டர் சுறாவின் பின்னங்கால் விரலை இடுக்கியால் நெரித்துப் பார்த்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அதனிடம் சொன்னார்: "கால் வராதுலே. அதை நினைச்சு அழாத. மூணு நேரமும் உன் வீட்டு ஆளு உன்னைக் காலி பண்ணுனா நீ கிழவனாகித்தான் சாவ. பண்ணலைன்னா மாசத்தைத் தாண்டமாட்ட."

ஜெசிந்தா அக்கா நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், நான் இருக்கிறேன் என்று.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ஓரளவுதான் வந்தது. கை வலுவான கை, ஆனால் அவசரக் கை. மீன் வயிற்றைக் கீறி ஒரே இழுப்பில் குடலைப் பிதுக்கி எறிகிற வேகத்தில் அழுத்தினார். சுறா வயிற்றை இறுக்கிக்கொண்டது, கொஞ்சம்தான் வந்தது. வீட்டில் போகப்போகப் பழகிவிடும் என்று அனுப்பினேன்.

அனுப்பிய எட்டாம் நாள் பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, திசையன்விளையில் மாறி, அவர் வீட்டுக்குப் போனேன். போனால் அசந்துவிட்டேன். கருவாடு காய்கிற ஓலைப்பந்தலுக்குப் பக்கத்தில் முழ ஆழத்துக்கு ஒரு குழி. அதில் சலித்த கடற்கரை மணல், வெயிலில் காய்ந்து சுத்தமாக. அதன்மேல் சுறா. புண் இல்லை. நாற்றம் இல்லை. ரோமம் உலர்ந்து பளபளவென்று இருந்தது. நடக்க முடியாத நாய்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியும், நாம் எப்போதும் பயந்துகொண்டு போவது ஈரத்துக்குத்தான். ஈரம் தங்கினால் புண், புண் தங்கினால் புழு. இங்கே மணல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. தினம் காலையும் மாலையும் ஈரமணலை வாரி எறிந்து புதுமணல் போடுவதாக அக்கா சொன்னார். அந்த ஊரில் மணலுக்கா பஞ்சம்.

மண் சுத்தம் செய்யும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். தினமும் மண்சட்டியில் கை விட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நாலு பக்கமும் படம் எடுத்தேன்.

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி, நான் அமுக்கினா சரியா வர மாட்டேங்கு. ஆனா மணல் எப்பவும் நனைஞ்சே கிடக்கு. தானா போவுதோ?"

மணலைத் தோண்டிப் பார்த்தேன். சுறாவின் வால் பக்கம் விரலளவு ஆழத்துக்கு ஈரம். கொஞ்சம் தள்ளியும் ஈரம். "போவுதுக்கா. நல்ல அறிகுறி. கஷ்டப்பட்டு அமுக்காதீங்க, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்" என்றேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேனா? வைத்தேன், ஆனால் சுறா என் கையை நக்க வந்தது, நான் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டேன். கோப்பில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: தானாகப் போகிறது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. ஜெசிந்தா அக்கா மடியில் சுறா. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, விடிந்ததிலிருந்து வாந்தி. வயிற்றில் கை வைத்தேன். கைக்கு ஒரு தேங்காய் தட்டுப்பட்டது. அவ்வளவு இறுக்கம்.

டாக்டர் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். வந்தது பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில், கண்ணைக் கரிக்கும் நெடியோடு. சிறுநீர்த்தட்டு நிறைந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கை வைத்தேன், அதுவும் நிறைந்தது, பின்னும் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி மறுகையால் கோப்பைப் புரட்டி என் வரியைப் படித்தார். பிறகு சுறாவின் காதருகே குனிந்தார்.

"ஏலே சுறா. குடம் நிறைஞ்சு வழியுதுன்னு வையி. தரையெல்லாம் ஈரம். அந்தக் குடம் காலியா, நிறையவா? நம்ம லாத்தாட்ட கேட்டுச் சொல்லு."

குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பை தன் கொள்ளளவைத் தாண்டிப் போய், மிச்சம் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவைத்தான் மணல் குடித்தது. துணியில் கிடந்திருந்தால் ஈரமும் நாற்றமும் புண்ணும் ஒரு வாரத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். அக்கா அத்தனை அக்கறையாகப் போட்ட மணல் அளவை மறைத்துவிட்டது. அந்த மணலைப் பார்த்து நான் மயங்கினேன்.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் இரண்டும் அடி வாங்கியிருந்தன. தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர். அக்காவை வராந்தா பெஞ்சுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, தப்பு என்னுடையது, நீங்கள் சரியாகத்தான் சந்தேகப்பட்டுக் கேட்டீர்கள் என்று சொன்னேன். அவர் போனை எடுத்துக் கணவருக்கு அடித்தார். சவரிமுத்து அண்ணன் படகிலிருந்து பேசினார், இன்ஜின் சத்தம் எனக்கே கேட்டது. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். என்னைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "பத்து நாள்ல ஊர்த் திருவிழாவுக்கு வாராவ. அதுக்குள்ள சுறாவ ஊசி போட்டு முடிச்சிரச் சொல்லுதாவ. துடிக்கிறத வந்து பாக்க முடியாதாம்."

ஒரு மனிதர் அன்பில்லாமல் சொன்ன வார்த்தை இல்லை அது. அதனால்தான் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

டாக்டரிடம் போனேன். பத்து நாள் வேண்டும் என்றேன். இந்த முறை பக்கத்தில் நாய் எதுவும் இல்லை, அதனால் என்னிடமே பேச வேண்டியதாயிற்று. "உன் கையில காலியாகி என்ன புண்ணியம்? நீ அவ வீட்டுல போயா குடியிருக்கப் போற? அவ கையில முழுசா காலியாகணும், மூணு நேரமும். பத்தாவது நாள் ஆகலைன்னா நானே ஊசி போடுவேன். நீ பிடிச்சுக்கணும்."

அக்காவின் சித்தி வீடு பாளையங்கோட்டையில் இருந்தது. அங்கே தங்கி மூன்று நேரமும் நடந்து வந்தார். முதல் மூன்று நாள் குழாய். நாலாம் நாள் குழாயை எடுத்தோம். பலூனையும் ஈரத்துண்டையும் தலையணை உறையையும் எடுத்தேன். அவர் பலூனை இரண்டு தடவை உடைத்தார். மூன்றாவது தடவை உடைந்தபோது அவர் சேலை முழுக்கத் தண்ணீர். "தங்கச்சி, எனக்கு அறுக்கத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அஞ்சாம் நாள், ஆறாம் நாள், அதே கதை. அவர் அழுத்துவார், சுறா இறுக்கும், மக்கில் ஒரு விரல்கடை வரும், மிச்சத்தை நான் எடுப்பேன். நான் எடுத்ததை அளந்து எழுதினேன். என் அளவு எப்போதும் அவர் அளவைவிடக் கூட. ஊசி போடும் அலமாரி அந்த அறையிலேயே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் அவர் சித்தி வீட்டுச் சமையலுக்கு வாங்கிய மீனோடு வந்தார். நேரமாகிவிட்டதால் பின்கட்டுக் குழாயடியிலேயே உட்கார்ந்து கழுவிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். டாக்டர் வெளியே போயிருந்தார், சரி என்றேன். பெரிய அயிலை மீன். நாலைந்தின் வயிற்றில் முட்டைச் சினை இருந்தது. முதல் மீனை வழக்கம்போல ஒரே கீறலில் பிளந்து குடலைப் பிதுக்கி எறிந்தார். சினை மீன் வந்ததும் அந்தக் கை வேறு கையாக மாறியது. மேலாகக் கீறிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் விரல்களைப் பரப்பி உள்ளே விட்டு, நுனியால் தொடாமல் கை முழுக்க அணைத்து, வால் பக்கமாகப் பைய நகர்த்தி, மெல்லிய தோல் கிழியாமல் சினையை முழுசாக வெளியே எடுத்து ஓலையில் வைத்தார். பார்க்காமலே செய்தார். முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது.

சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும் டாக்டரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, இன்னொண்ணு எடுங்க" என்றேன். எடுத்தார். "இது எப்படி உடையாம வருது?" என்றேன். "உடைஞ்சா குழம்புல கரைஞ்சிரும்லா. சினைக்கு அவசரப்படக்கூடாது, அதுவா கைக்கு வரணும்" என்றார். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், ஒரு தடவை முகர்ந்து பார்த்தார், மறுபடி கழுவினார். சுறாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

உள்ளங்கை இரண்டும் வயிற்றில் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை, அவர் தேடிக்கொண்டிருந்தார். சுறா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, வயிற்றை இறுக்கவே இல்லை. பிறகு மக்கில் தாரை விழுந்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே சீராக. அந்தச் சத்தம் மெலிந்து நின்றபிறகும் அவர் கையை எடுக்கவில்லை, மறுபடி தேடினார், இன்னொரு சிறு தாரை வந்தது. "வழுக்குது தங்கச்சி. தோலு மட்டும்தான் இருக்கு" என்றார்.

நான் அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

டாக்டர் வந்ததும் மக்கைக் காட்டினேன். அவரும் சுறாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அன்று காலை எடுத்த ரத்தத்தில் சிறுநீரகமும் தேறிவந்தது. "ஏலே, நீ பிழைச்சே. இங்கன ஒரே மீன் நாத்தம், ஜன்னலைத் திறக்கச் சொல்லு" என்றார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அன்று ஒரு விதி போட்டேன், ஆஸ்பத்திரியில் இன்றும் இருக்கிறது. முதலில் மக்கில், பிறகுதான் மணலில். சுறாவின் குழியை மூடச் சொல்லவில்லை, அது நல்ல குழி. ஆனால் அளக்காமல் ஒரு சொட்டும் மணலுக்குப் போகக்கூடாது. அக்கா ஒவ்வொரு காலையும் அளவை எனக்கு அனுப்ப வேண்டும், எத்தனை மில்லி என்ற எண் மட்டும் போதும்.

பத்தாம் நாள் நானும் கூடவே போனேன். ஊரெல்லாம் தோரணம், கோயில் ஒலிபெருக்கி. சவரிமுத்து அண்ணன் தோள்பையைக்கூட இறக்காமல் முற்றத்தில் நின்றார். நாங்கள் செய்துகொடுத்த குழாய் வண்டியில் சுறா அவரை நோக்கி வந்தது, ஒரு சக்கரம் மணலில் சிக்கிக்கொள்ள, முன்னங்காலால் இழுத்து இழுத்து வந்தது. அவர் நகரவில்லை. நாய் காலடிக்கு வந்து முகர்ந்தது.

"இத இப்படி வச்சு என்ன செய்யப் போற ஜெசி?" என்றார். "நான் கடல்ல இருக்கேன். நீ எத்தன நாளைக்குச் செய்வ?"

அக்கா வண்டியைக் கழற்றினார், சுறாவைக் குழிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் படுக்க வைத்தார். மக்கை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"பிடிங்க."

"நான் கை வைக்கமாட்டேன்."

"கை வைக்க வேண்டாம். மக்கைப் பிடிங்க, போதும்."

அவர் பையை இறக்கினார். மக்கைப் பிடித்துக் குந்தினார், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு. தாரை விழ ஆரம்பித்ததும் மக்கு அவர் கையில் கனத்தது. பைய முகம் திரும்பியது. நாயைப் பார்த்தார், அது அவரை நக்க முயன்றுகொண்டிருந்தது, துடிக்கவில்லை. மனைவியின் கையைப் பார்த்தார். சினை எடுக்கிற கை அது என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்ததும் மக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எம்புட்டு இருக்கணும்?" என்று என்னிடம் கேட்டார். ஊசியைப் பற்றி அதற்குப்பின் யாரும் பேசவில்லை.

அந்தக் கோப்பு வரியை அடித்துவிடட்டுமா என்று பிறகு ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம், அதற்குக் கீழே எழுது என்றார். எழுதினேன்: இல்லை. வழிந்துகொண்டிருந்தது. தேதி, கையெழுத்து. புதுப் பிள்ளைகளே, மூன்றாவது அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். டயபர் நல்ல பொருள்தான், வாங்கிப் போடுங்கள். அதுவும் ஒரு மணல்தான் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். நனைந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். வயிற்றில் கை வைத்து, காலியா என்று கேளுங்கள்.

என் மணிக்கட்டு இப்போது பேனாவுக்குச் சம்மதிக்கிறது, அதற்குமேல் ஒன்றுக்கும் இல்லை. கணினியில் செயற்கைக் கால் வடிவமைக்கும் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், சும்மா உட்கார எனக்கு வராது. ஆஸ்பத்திரியை விட்டு வந்து ஒரு மாசம் ஆகிறது. அளவு அனுப்ப வேண்டாம், இனிப் புதுப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு பக்கமும் அனுப்புகிறார். மூன்று வருஷமாக என் காலை அந்த எண்ணோடுதான் விடிகிறது: 260, 240, 290. ஒருநாள் குறைந்தால் போன் செய்வேன்.

இன்று காலை எட்டு மணி வரை ஒன்றும் வரவில்லை. எட்டரைக்கு மனசு கேட்காமல் போனைக் கையில் எடுத்தேன். அப்போது வேறு ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது. இப்போது மீன்பிடித் தடைக்காலம், சவரிமுத்து அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

"280. ஜெசி சந்தைக்குப் போயிருக்கா. நான்தான் அமுக்கினேன்."